குழந்தையின் இடுப்பு மூட்டு: பவானிபூரிலிருந்து பரிசோதனைக்குப் போகும் பெற்றோருக்கு

பிறவியிலேயே இடுப்பு மூட்டு சரியாக அமையாத குழந்தைக்கு அதனால் வலி இருப்பதில்லை. அது பால் குடிக்கும், சிரிக்கும், குப்புற விழும், தவழும். பெரும்பாலும் மற்றப் பிள்ளைகள் நடக்கும் வயதிலேயே எழுந்து நடக்கவும் செய்யும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ என்றால் குழந்தையின் முகத்தைப் பார்த்தே மருத்துவமனைக்கு ஓடுகிறோம். இந்தக் கோளாறில் முகம் எதையும் காட்டிக்கொடுக்காது. எப்போது போக வேண்டும் என்பதை மருத்துவர் சீட்டில் எழுதிய தேதி மட்டுமே சொல்லும். அந்தத் தேதியைத் தவறவிடாமல் போய், போன பயணம் பயனுள்ளதாக அமைய என்ன செய்யலாம் என்பதே இந்த அத்தியாயம்.

கொல்கத்தாவின் பவானிபூர், காளிகாட், லேக் மார்க்கெட் வட்டாரத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். பணி மாற்றலில் புதிதாக வந்து, வங்காள மொழி பழகாதவர்களுக்கும் உதவும்.

என்ன கோளாறு இது

இடுப்பு மூட்டு, பந்துக் கிண்ண மூட்டு வகையைச் சேர்ந்தது. தொடை எலும்பின் உருண்டைத் தலை பந்து. இடுப்பெலும்பில் உள்ள குழி கிண்ணம். பிறக்கும்போது இவற்றின் பெரும்பகுதி குருத்தெலும்பாகவே இருக்கும். பந்து கிண்ணத்தின் நடுவில் அமர்ந்திருந்தால்தான் கிண்ணம் ஆழமாக வளரும். கிண்ணம் ஆழமாக இருந்தால்தான் பந்து நழுவாது. இதில் ஒன்று தவறினால் மற்றதும் தவறும். சிலருக்குக் கிண்ணம் ஆழமில்லாமல் போகிறது, சிலருக்குப் பந்து பாதி விலகுகிறது, சிலருக்கு முழுதாகவே வெளியே போய்விடுகிறது. மருத்துவர்கள் 'டி.டி.எச்.' என்று எழுதுவது இந்த எல்லா நிலைகளையும் குறிக்கும்.

உலக அளவில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்றிரண்டுக்கு மூட்டு முழுதாக விலகியிருக்கிறது. ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளுக்குப் பல மடங்கு அதிகம். தலைப்பிள்ளைக்கும், இடது பக்கத்திலும் கூடுதல். வயிற்றில் கடைசி மாதங்களில் தலை மேலும் பிட்டம் கீழுமாக இருந்த குழந்தை, பனிக்குட நீர் குறைவாக இருந்த கர்ப்பத்தில் பிறந்த குழந்தை, பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இதே கோளாறு உள்ள குழந்தை ஆகியோரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சிசேரியனில் பிறந்திருந்தாலும் வயிற்றில் பிட்டம் கீழாக இருந்தது என்றால் அது கணக்கில் வரும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். மாடிப்படி ஏறியதாலோ, குடம் தூக்கியதாலோ, கிரகணத்தன்று வெளியே வந்ததாலோ இது வருவதில்லை. அப்படி யார் சொன்னாலும், மாமியாரோ சொந்தத் தாயோ ஆனாலும், அது உண்மை இல்லை. வரப்போகும் மாதங்களில் உங்கள் தெம்பு முழுவதும் குழந்தைக்குத் தேவை. குற்ற உணர்வில் அதைக் கரைத்துவிடாதீர்கள்.

முதலில் எப்போது பார்க்க வேண்டும்

பிறந்த குழந்தையின் தொடைகளை மெல்ல மடக்கி விரித்து மருத்துவர் செய்யும் சோதனையை இத்தாலியக் குழந்தை மருத்துவர் ஒர்டோலானி 1930-களில் விவரித்தார். 1962-ல் பார்லோ இன்னொரு சோதனையைச் சேர்த்தார். இரண்டையும் சேர்த்துச் செய்ய ஒரு நிமிடம் போதும். பிறந்தவுடன் செய்தார்களா என்று கேளுங்கள். செய்து சரியாக இருந்தாலும் அத்தோடு முடிந்துவிடவில்லை. பிறப்பில் சரியாக இருந்த மூட்டு பிறகு விலகுவதும் உண்டு. 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசிக்குப் போகத்தான் போகிறீர்கள். அந்த ஒவ்வொரு முறையும் "இடுப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்று கேளுங்கள். மேலே சொன்ன கூடுதல் வாய்ப்புள்ள குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் இடுப்பு ஸ்கேன் எடுப்பது நல்லது.

மூன்று மாதத்துக்கு மேல் வீட்டிலேயே சில அடையாளங்கள் தெரியும். டயப்பர் மாற்றும்போது ஒரு தொடை மட்டும் விரிய மறுக்கும். இரு முழங்கால்களையும் மடக்கிச் சேர்த்துவைத்தால் ஒன்று தாழ்ந்து நிற்கும். நடக்கத் தொடங்கியபின் ஒரு பக்கம் சாய்ந்து நடக்கும், அல்லது ஒரு காலில் மட்டும் நுனிவிரல் ஊன்றும். இரண்டு பக்கமும் விலகியிருந்தால் கால்கள் சமமாகவே இருக்கும் என்பதால் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். அப்போது குழந்தை இடுப்பை உள்வாங்கி, வயிற்றைத் தள்ளி, இரு பக்கமும் அசைந்து நடக்கும். "கொழுகொழுவென்று இருக்கிறாள், அதனால் அப்படி நடக்கிறாள்" என்று விட்டுவிடாதீர்கள்.

2013-ல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால் சுவாஸ்திய காரியக்ரம் திட்டம், பிறந்ததிலிருந்து 18 வயது வரை தேடிப் பார்க்க வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் இதையும் வைத்திருக்கிறது. அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு வரும் நாளில் உங்கள் சந்தேகத்தைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

எங்கே போவது

பவானிபூரில் இருப்பவர்களுக்கு மிக அருகில் உள்ள பெரிய அரசு மருத்துவமனை எஸ்.எஸ்.கே.எம். ஆச்சாரிய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையில், ரவீந்திர சதன் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. டாக்சிக்காரரிடம் 'பி.ஜி.' என்று சொல்லுங்கள். பிரெசிடென்சி ஜெனரல் என்ற பழைய பெயரின் சுருக்கமே ஊர்வழக்கில் நிலைத்துவிட்டது. எலும்பு மருத்துவப் பிரிவு அங்கே இருக்கிறது. எந்தக் கிழமையில் குழந்தைகளைப் பார்க்கிறார்கள் என்பதை முதல் முறை போகும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பார்க் சர்க்கஸில் உள்ள இன்ஸ்டிட்யூட் ஆஃப் சைல்ட் ஹெல்த், 1956-ல் தொடங்கிய குழந்தை மருத்துவமனை. நார்க்கேல்டாங்கா பக்கம் அரசின் பி.சி. ராய் குழந்தை மருத்துவமனை இருக்கிறது. அதற்கு நேதாஜி பவனில் மெட்ரோ ஏறி எஸ்பிளனேடில் இறங்கி, பச்சைத் தடத்துக்கு மாறி ஃபூல்பாகான் போகலாம். இரண்டிலும் போகும் முன் எலும்பு மருத்துவர் பார்க்கும் நாளை விசாரித்துவிடுங்கள். பட்டை, கால் தாங்கி போன்றவை செய்யவோ சரிபார்க்கவோ எழுதிக் கொடுத்தால், பான்ஹுக்ளியில் மத்திய அரசின் கைகால் இயக்கக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. பாராநகர் மெட்ரோவில் இறங்கிப் போகலாம்.

அரசு மருத்துவமனையில் வெளிநோயாளர் பிரிவை இங்கே 'அவுட்டோர்' என்பார்கள். நாம் ஓ.பி. சீட்டு என்பதை 'டிக்கெட்' என்பார்கள். அதன் விலை 2 ரூபாய். வளாகத்துக்குள்ளேயே நியாய விலை மருந்துக் கடையும் உண்டு. அறுவை சிகிச்சை வரை போகுமானால் சேர்க்கும் முன்பே அரசுக் காப்பீட்டைப் பற்றிப் பேசிவிடுங்கள். மேற்கு வங்கத்தில் 2016-ல் தொடங்கிய சுவாஸ்திய சாத்தி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்ற அளவில் அமைந்த திட்டம். உங்கள் குடும்பத்துக்கு எந்த அட்டை செல்லும், அதில் குழந்தையின் பெயர் இருக்கிறதா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேளுங்கள். பெயர் சேர்க்க நாளாகும் என்பதால் அவசரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

எந்த மருத்துவமனை என்பதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. குழந்தைகளின் எலும்புக்கென்றே பயிற்சி பெற்ற ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கணக்கில் அவரிடமே காட்டுங்கள். முதல் படத்திலிருந்து மூட்டு வளர்ந்த வரலாறு தெரிந்தவரின் கண்ணுக்குச் சிறு மாற்றமும் தப்பாது.

குழந்தையின் கோப்பு

ஒரு கெட்டியான பிளாஸ்டிக் கோப்பு வாங்குங்கள். எக்ஸ்ரே ஃபிலிம் மடங்காமல் நுழையும் அளவு பெரிதாக இருக்கட்டும். அதில் இருக்க வேண்டியவை:

- பிரசவம் நடந்த இடத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாள். ஹாஸ்ராவில் உள்ள சித்தரஞ்சன் சேவா சதனோ தனியார் நர்சிங் ஹோமோ, எங்கே பிறந்திருந்தாலும் குழந்தை எந்த நிலையில் இருந்தது என்பது அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.
- எல்லா ஓ.பி. சீட்டுகளும், தேதி வரிசைப்படி.
- எல்லா ஸ்கேன், எக்ஸ்ரே படங்களும் அவற்றின் அறிக்கைகளும். படம் சி.டி.யில் கிடைத்தால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.
- அறுவையோ மாவுக்கட்டோ நடந்திருந்தால் அதற்கான குறிப்புத் தாள்.
- தடுப்பூசி அட்டை, காப்பீட்டு அட்டையின் நகல்.
- கடைசிப் பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் ஒரு பட்டியல்: தேதி, என்ன செய்தார்கள், என்ன சொன்னார்கள், அடுத்த தேதி.

ஒவ்வொரு படத்தையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கைபேசியில் எடுத்து, கணவன் மனைவி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். கொல்கத்தாவின் மழைக்கால ஈரத்தில் ஃபிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இடையில் தாள் வைத்து, பீரோவின் மேல்தட்டில் படுக்கைவாட்டில் வையுங்கள்.

போகும் நாள்

தேதியை வாங்கும்போதே காலண்டரைப் பாருங்கள். துர்கா பூஜை நாள்களில் வெளிநோயாளர் பிரிவு விடுமுறையாக இருக்கலாம். திறந்திருந்தாலும் பவானிபூர் சாலைகளில் பந்தல் பார்க்க வரும் கூட்டத்தைத் தாண்டிப் போவது கடினம். அந்த வாரத்தில் தேதி விழுந்தால் முன்னதாகவே ஒரு நாள் கேளுங்கள், பின்னால் தள்ளாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை காலையில் பெரிய மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கும். அந்த மாதங்களில் மெட்ரோவை நம்புவது நல்லது. நேதாஜி பவனிலிருந்து ரவீந்திர சதன் ஒரே நிலையம்.

கொல்கத்தா ஆட்டோக்கள் குறிப்பிட்ட தடத்தில் பலரை ஏற்றிக்கொண்டு ஓடுபவை. கையில் தூக்கும் குழந்தைக்குச் சரி. மாவுக்கட்டோடு கால் விரிந்திருக்கும் குழந்தைக்கு அவற்றில் இடம் போதாது. அதற்கு மஞ்சள் டாக்சியோ செயலி வழி வரும் காரோ வேண்டும்.

இரண்டு பெரியவர்கள் போவது பெரிய உதவி. ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் குழந்தையோடு நிழலில் இருக்கலாம். அறைக்குள் போகும்போது ஒருவர் குழந்தையைப் பிடிக்க, மற்றவர் மருத்துவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளலாம். பையில் பால், தண்ணீர், இரண்டு நேரத்துக்கு டயப்பர், ஒரு மாற்றுடை, விரிக்க ஒரு பழைய பருத்திப் புடவைத் துண்டு, குழந்தைக்குப் பிடித்த ஒரு பொம்மை இருக்கட்டும். முன்பக்கம் திறக்கும் தளர்வான உடை போடுங்கள். அதைக் கழற்றி மாட்டுவதற்குள் குழந்தை அழுதுவிட்டால் அதன் பிறகு தொடை இறுகிவிடும், மருத்துவரால் சரியாகப் பார்க்க முடியாது.

வரிசையில் பயன்படும் சில வங்காள வாக்கியங்கள்:

- "டிகிட் கோதாய் தேய்?" (டிக்கெட் எங்கே தருகிறார்கள்?)
- "பாச்சார் கோமொரேர் ஹாடேர் ஷொமோஷ்ஷா." (குழந்தைக்கு இடுப்பு எலும்பில் பிரச்சினை.)
- "எக்டு ஆஸ்தே போலுன்." (கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.)
- "ஆபார் கொபே ஆஷ்போ?" (மறுபடி எப்போது வர வேண்டும்?)

மருத்துவர்களிடம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ பேசலாம். இரண்டும் சரளமாக வராது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறைகளாக வாழும் தமிழர்களில் ஒருவரைத் துணைக்கு அழையுங்கள். இப்படிப்பட்ட உதவியை மகிழ்ச்சியோடு செய்பவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்கேனும் எக்ஸ்ரேயும்

முதல் நான்கைந்து மாதங்களில் மூட்டின் பெரும்பகுதி குருத்தெலும்பு என்பதால் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. அப்போது ஸ்கேன்தான் கண். ஆஸ்திரிய மருத்துவர் கிராஃப் 1980-ல் வகுத்த அளவுமுறை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அறிக்கையில் 'ஆல்ஃபா கோணம்' 60 பாகையோ அதற்கு மேலோ இருந்தால் கிண்ணம் நன்றாக இருக்கிறது என்று பொருள். ஸ்கேனுக்குப் பட்டினி தேவையில்லை. வயிறு நிறைந்து தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு எடுப்பதே எளிது.

அதன் பிறகு எக்ஸ்ரே. இதில் பெற்றோரின் பங்கு பெரிது. இரண்டு கால்களும் நேராக, முழங்கால் சில்லுகள் மேல்நோக்கி, இடுப்பு ஒரு பக்கமும் திரும்பாமல் இருந்தால்தான் படத்தில் அளக்கும் கோணங்கள் உண்மையாக இருக்கும். குழந்தை திமிறி இடுப்பு திரும்பிய படத்தை வைத்து மூட்டு முன்னேறியதா பின்னடைந்ததா என்று சொல்ல முடியாது, மறுபடி எடுக்க வேண்டிவரும். அரைஞாண் கொடி, கொலுசு, இடுப்பில் கட்டிய தாயத்து எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். வெள்ளி படத்தில் விழுந்து எலும்பை மறைக்கும். குழந்தையைப் பிடிப்பவர் ஈயக் கவசம் கேட்டு அணிய வேண்டும். கர்ப்பமாக இருப்பவர் அறைக்குள் போகவே கூடாது. அப்பாவோ சித்தியோ பிடிக்கட்டும்.

கிண்ணத்தின் கூரை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற கோணத்தை ஒவ்வொரு படத்திலும் அளப்பார்கள். பிறந்த புதிதில் 30 பாகை அளவில் இருக்கும் இந்தக் கோணம் வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே வர வேண்டும். ஒரு படத்தின் எண்ணைவிட, போன படத்துக்கும் இதற்கும் இடையே அது எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதே முக்கியம். கோப்பில் உள்ள உங்கள் பட்டியலில் இந்த எண்ணையும் எழுதிவையுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

கூட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. கேள்விகளை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள்.

1. பந்து இப்போது கிண்ணத்துக்குள் இருக்கிறதா? கிண்ணம் வளர்கிறதா?
2. போன படத்தோடு ஒப்பிட்டால் என்ன மாற்றம்?
3. இந்தச் சிகிச்சை பலிக்கிறதா என்பது எத்தனை வாரத்தில் தெரியும்? பலிக்காவிட்டால் அடுத்து என்ன?
4. பந்துக்கு இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா?
5. வீட்டில் என்ன செய்யலாம், என்ன கூடாது?
6. அடுத்த தேதி எது? அதற்கு முன் எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும்?

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். தொடைகளை விரித்துவைக்கும் பெல்ட் போட்டு (அதைப் பற்றி அடுத்து வருகிறது) மூன்று நான்கு வாரத்தில் பந்து உள்ளே வரவில்லை என்றால், அதே பெல்ட்டைத் தொடர்வது மூட்டுக்குத் தீங்கு செய்யும். அதனால்தான் அந்த வாரங்களின் தேதிகள் அவ்வளவு முக்கியம்.

பெல்ட் போட்ட மாதங்கள்

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு முதல் சிகிச்சை பெரும்பாலும் பாவ்லிக் பெல்ட். செக் மருத்துவர் பாவ்லிக் 1940-களில் உருவாக்கியது. தொடைகளை மடக்கி விரித்த நிலையில் வைத்திருக்கும், ஆனால் குழந்தை காலை உதைக்கலாம். அந்த உதைப்பிலேயே பந்து தன் இடத்துக்குப் போய் அமர்கிறது. நாளெல்லாம் போட்டிருக்க வேண்டும். மருத்துவர் சொல்லாமல் குளிப்பாட்டுவதற்காகக்கூடக் கழற்றக் கூடாது. ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். உள்ளே மெல்லிய பருத்திச் சட்டையும் முழங்கால் வரை காலுறையும் போட்டால் வார் உரசாது. டயப்பரை வாருக்கு அடியில் மாட்டுங்கள். குழந்தை வேகமாக வளர்வதால் வாரின் அளவு வாரத்துக்கு வாரம் மாறும். அதை மருத்துவமனையில்தான் மாற்ற வேண்டும். ஒவ்வொரு வாரின் அளவையும் பேனாவால் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

நம் வீடுகளில் பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டி, கைகாலைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துவிடுவது வழக்கம். கொல்கத்தாவில் கடுகெண்ணெய் தேய்த்துவிட வரும் மாசியும் கால்களை நீட்டி இழுப்பார். இடுப்புக் கோளாறு உள்ள குழந்தைக்கு இது கூடாது. கால்களைச் சேர்த்து நேராக்கித் துணியில் இறுகச் சுற்றுவதும் கூடாது. தொடைகளை நெருக்கும் தூளியும் இப்போது வேண்டாம். ஆனால் நம் ஊர் வழக்கங்களில் ஒன்று இந்த மூட்டுக்கு மிக நல்லது. கழுத்து நின்ற குழந்தையை இரு தொடையும் விரிய இடுப்பில் வைத்துக்கொள்வதுதான் அது. பாட்டியிடம் இதைச் சொல்லுங்கள். செய்யக் கூடாததை மட்டும் சொன்னால் மனம் நோகும். செய்ய வேண்டியதையும் சேர்த்துச் சொன்னால் அவரே குழந்தைக்குச் சிறந்த காவல் ஆவார்.

மாவுக்கட்டு

ஆறு மாதத்துக்கு மேல் கண்டுபிடித்தாலோ பெல்ட் பலிக்காவிட்டாலோ, மயக்க மருந்து கொடுத்துப் பந்தை உள்ளே அமர்த்தி, மார்புக்குக் கீழிருந்து கால் வரை மாவுக்கட்டுப் போடுவார்கள். ஒன்றரை வயதுக்கு மேல் பெரும்பாலும் மூட்டைத் திறந்தே சரிசெய்ய வேண்டிவரும். வயது கூடினால் எலும்பையும் வெட்டித் திருத்த வேண்டியிருக்கும். கட்டு பொதுவாக மூன்று மாதம் வரை இருக்கும், நடுவில் ஒருமுறை மாற்றுவார்கள். மயக்க மருந்துக்கு முன் தாய்ப்பால் 4 மணி நேரமும், மற்றப் பாலும் உணவும் 6 மணி நேரமும் நிறுத்துவது வழக்கம். உங்கள் மருத்துவமனை எழுதிக் கொடுக்கும் நேரத்தையே பின்பற்றுங்கள். பசியில் அழுகிறதே என்று யாரும் ஒரு வாய் பால் கூடக் கொடுத்துவிடக் கூடாது. மயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

வீட்டுக்கு வந்தபின் முதல் வேலை, கட்டு நனையாமல் காப்பது. சிறிய டயப்பர் ஒன்றைக் கட்டின் திறப்புக்குள் செருகி, அதன்மேல் பெரிய டயப்பர் ஒன்றைக் கட்டுக்கு வெளியே சுற்றிப் போடுங்கள். தலைப்பக்கம் சற்று உயர்ந்திருந்தால் சிறுநீர் முதுகுப் பக்கம் ஏறாது. சில மணிக்கு ஒருமுறை குழந்தையைத் திருப்பிப் படுக்கவையுங்கள். இரு கால்களுக்கும் நடுவே உள்ள குச்சியைப் பிடித்துத் தூக்காதீர்கள், கட்டு உடையும். பவுடர் போடாதீர்கள், அது வியர்வையோடு கட்டியாகித் தோலைப் புண்ணாக்கும். அரிக்கிறது என்று ஊக்கோ பென்சிலோ உள்ளே விடாதீர்கள். ஏப்ரல், மே மாதப் புழுக்கத்தில் மின்விசிறியின் கீழ், மெல்லிய பருத்தி விரிப்பில் படுக்கவையுங்கள். தடுப்பூசித் தேதி வந்தால் தள்ளிப்போடாதீர்கள். தொடை மறைந்திருப்பதைச் சொன்னால் எங்கே போடுவது என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

தேதிக்குக் காத்திராமல் உடனே போக வேண்டியவை

- பெல்ட் போட்ட குழந்தை முழங்காலை நீட்டி உதைப்பதை நிறுத்திவிட்டால்.
- மாவுக்கட்டுக்கு வெளியே தெரியும் விரல்கள் நீலமாகவோ வெளுத்தோ குளிர்ந்தோ வீங்கியோ இருந்தால், அல்லது அசையாவிட்டால்.
- கட்டுக்குள்ளிருந்து துர்நாற்றம் வந்தால், கட்டு விரிந்தால், உள்ளே நன்றாக நனைந்துவிட்டால்.
- விடாமல் வாந்தி எடுத்து வயிறு உப்பினால், மூச்சு வாங்கினால்.
- எந்தக் குழந்தையானாலும், காய்ச்சலோடு ஒரு காலை அசைக்கவோ ஊன்றவோ மறுத்தால். இது மூட்டுக்குள் சீழ் பிடித்ததற்கான அடையாளமாக இருக்கலாம். இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இதில் மணி நேரங்கள்கூட மூட்டின் எதிர்காலத்தை முடிவு செய்யும்.

நான்கிலிருந்து எட்டு வயதுக்குள் ஒரு குழந்தை, குறிப்பாக ஆண் குழந்தை, வாரக்கணக்கில் நொண்டினால் அது பெர்தீஸ் என்ற வேறொரு இடுப்பு நோயாக இருக்கலாம். முழங்கால் வலிக்கிறது என்று குழந்தை சொன்னாலும் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊர் மாறும்போது

பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போவதும், மாற்றலில் சென்னைக்கோ கோவைக்கோ போவதும் நம் குடும்பங்களில் சாதாரணம். தேதி தவறுவது பெரும்பாலும் அப்போதுதான். வங்காளக் குடும்பங்கள் எத்தனையோ வேலூர் சி.எம்.சி.க்கு ரயில் ஏறுவதைப் பார்த்து, "நாமும் ஊருக்கே போய்க் காட்டிவிடலாம்" என்று தோன்றுவதும் இயல்பு. போகலாம், தவறில்லை. ஆனால் இங்கே பார்ப்பவரிடம் சொல்லி, ஒரு சுருக்கக் குறிப்பு எழுதி வாங்கி, கோப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே பார்ப்பவரின் தேதியை வாங்கிய பிறகு இங்கே உள்ள தேதியை விடுங்கள். மாவுக்கட்டோடு ரயில் பயணம் ஒரு நாளுக்கும் மேல் நீளும். கீழ்ப் படுக்கை கட்டாயம். விமானம் என்றால் கட்டு இருப்பதை நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி, மருத்துவச் சான்று தேவையா என்று கேளுங்கள்.

நடக்கத் தொடங்கிய பிறகு

கட்டுப் பிரித்து, பெல்ட் கழற்றி, குழந்தை ஓடியாடத் தொடங்கியதும் மருத்துவமனையின் நினைவே கசக்கும். "நன்றாகத்தானே நடக்கிறாள், இந்த வருடம் விட்டுவிடலாம்" என்று வீட்டில் ஒரு குரல் எழும். அந்தக் குரலுக்கு இணங்காதீர்கள். கிண்ணம் சில வருடம் நன்றாக வளர்ந்துவிட்டுப் பிறகு பின்தங்குவது உண்டு. பந்தின் இரத்த ஓட்டத்தில் ஏற்பட்ட குறை வருடங்கள் கழித்தே படத்தில் தெரிவதும் உண்டு. சிறு வயதில் கண்டுபிடித்தால் சரிசெய்ய வழியிருக்கிறது. விட்டுவிட்டால் இளமையிலேயே மூட்டுத் தேய்மானமும், ஒருநாள் செயற்கை மூட்டும் என்று போய் முடியும். ஆகவே முதலில் சில மாதங்களுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையோ, எலும்பு வளர்ச்சி முடியும் வரை காட்ட வேண்டும்.

பெண் குழந்தை என்றால் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. "கல்யாணத்துக்கு இடைஞ்சலாகும், வெளியே தெரிய வேண்டாம்" என்று சிகிச்சையையே மறைக்கும் குடும்பங்கள் உண்டு. மறைத்தால் நோய் நிற்காது. நல்ல சிகிச்சை பெற்ற பெண் ஓடலாம், ஆடலாம், வேலைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம். மறைத்து வளர்த்த பெண்தான் வாழ்நாள் முழுவதும் நொண்ட வேண்டிவரும். மகனுக்குச் செலவழிக்கும் அதே கையோடு மகளுக்கும் செலவழியுங்கள்.

பத்து வயது ஆனதும் அவளுடைய இடுப்பில் என்ன நடந்தது என்பதை அவளுக்கே சொல்லுங்கள். படங்களைக் காட்டுங்கள். மருத்துவரிடம் அவளே கேள்வி கேட்கட்டும். வளர்ந்து வீட்டைவிட்டுப் போகும்போது கோப்பை அவளிடம் ஒப்படையுங்கள். இடுப்பிலோ தொடையிலோ வலி தொடங்கினால் முதல் மாதத்திலேயே அதை எடுத்துக்கொண்டு எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும் என்றும், அவளுக்குக் குழந்தை பிறந்தால் ஆறாவது வாரத்தில் அதன் இடுப்பை ஸ்கேன் செய்ய வேண்டும் என்றும் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.